டிசம்பர் மேசைக்கு அடியில்

பிரிட்டனில் 229 கால்நடை மருத்துவமனைகளின் பதிவுகளை லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அலசினார்கள். சாக்லேட் தின்றுவிட்ட நாயைத் தூக்கிக்கொண்டு மக்கள் எந்த நாட்களில் ஓடிவருகிறார்கள் என்பதுதான் கேள்வி. 2017இல் வெளிவந்த விடை தெளிவாக இருந்தது. கிறிஸ்துமஸை ஒட்டிய நாட்களில் அந்த வரவு வழக்கத்தைவிட நான்கு மடங்குக்கும் மேல். ஈஸ்டரில் இரண்டு மடங்கு. சாக்லேட்டுக்குப் பேர்போன காதலர் தினத்திலும் ஹாலோவீனிலும் அங்கே அப்படி எந்த ஏற்றமும் தென்படவில்லை. காரணத்தை ஊகிப்பது கடினமில்லை. காதலர் தினச் சாக்லேட் கைமாறிய உடனே தீர்ந்துவிடுகிறது. கிறிஸ்துமஸ் சாக்லேட்டோ மினுக்குத்தாளில் பொதிந்து, மரத்தடியில், நாயின் மூக்கு மட்டத்தில் நாள்கணக்கில் கிடக்கிறது. வீட்டாருக்கு அது பிரிக்காத பரிசு. உள்ளே என்ன இருக்கிறது என்று நாய்க்கு முதல் நாளே தெரியும்.

டிசம்பர் 20 வாக்கில் லண்டனிலும் டொராண்டோவிலும் பள்ளிகள் மூடிவிடுகின்றன. அடுத்த இரண்டு வாரம் வீடு வேறு வீடாகிவிடுகிறது. மூலையில் ஒரு மரம் முளைக்கிறது, விளக்குச் சரங்கள் தொங்குகின்றன, சோபாவில் புதுமுகங்கள், அடுப்பில் ஓயாத வேலை, வெளியே பனி. கிறிஸ்துமஸ் தங்கள் பண்டிகை அல்லாத தமிழ்க் குடும்பங்களும் அந்த விடுமுறையில்தான் ஒன்றுகூடுகின்றன. ஊரில் வாசலோடு நின்றுவிட்ட நாய் அங்கே குளிருக்கு அஞ்சிக் கூடத்துக்குள் வந்து, மேசைக்கு அடியில் படுத்திருக்கிறது. உண்ணும்போது ஒரு வாய் எடுத்துக் கீழே வைப்பது நம் பழக்கம். அன்பு என்றால் நமக்கு ஊட்டுவதுதான். அந்த ஒரு வாயை நாயின் உடம்பும் பூனையின் உடம்பும் எப்படி எடுத்துக்கொள்கின்றன என்பது தெரிந்தால் ஊட்டும் கை கொஞ்சம் தயங்கும். அந்தத் தயக்கத்துக்காகத்தான் இந்தக் கட்டுரை.

நாய் நம்மோடு பல்லாயிரம் ஆண்டுகளாக இருக்கிறது. நம் மிச்சத்தைத் தின்று தின்று அதன் மரபணுவே மாறியிருக்கிறது. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் ஆக்செல்சன் குழு 2013இல் இதைக் காட்டியது. மாச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாய்க்கு இரண்டே படிகள்; நாய்களுக்கு நான்கு முதல் முப்பது வரை. மனிதன் வேளாண்மைக்கு மாறியபோது அவன் வீட்டு வாசலில் கிடந்த விலங்கும் சோற்றுக்கும் ரொட்டிக்கும் மாறியது. ஆகவே நாய்க்குச் சோறு அந்நியமானதல்ல. ஆனால் கோக்கோ 16ஆம் நூற்றாண்டில் கடல் கடந்து ஐரோப்பாவுக்கு வந்தது. செயற்கை இனிப்புகள் அதற்கும் வெகு பிந்தியவை. இவற்றைக் கையாளும் கருவிகள் நாயின் ஈரலில் அமையவில்லை. அமைவதற்குக் காலமும் போதவில்லை. பூனையின் கதை இன்னும் கறாரானது. அது நம் தானியக் குதிருக்கு எலி பிடிக்க வந்தது, எலியைத் தின்றது, இன்றும் இறைச்சி உண்ணியாகவே இருக்கிறது. நம் சமையலோடு அதன் உடம்பு எந்த உடன்பாட்டுக்கும் வந்ததில்லை.

சாக்லேட்டுக்கு வருவோம். கோக்கோவில் தியோப்ரோமைன் என்ற பொருள் இருக்கிறது, காஃபியில் உள்ள காஃபீனுக்கு நெருங்கிய உறவு. நம் ஈரல் அதை விரைவாக உடைத்து வெளியேற்றிவிடும். நாயின் உடம்பில் உள்ளே போன அளவில் பாதி குறையவே ஏறத்தாழ பதினேழரை மணி நேரம் ஆகிறது. சிறுநீர்ப்பைக்கு வந்துசேர்ந்த தியோப்ரோமைன்கூட அங்கிருந்து மீண்டும் ரத்தத்துக்குத் திரும்புகிறது. சாக்லேட் தின்ற நாயை மருத்துவமனையில் அடிக்கடி சிறுநீர் கழிக்கவைப்பது இதனால்தான்.

கணக்கு எளிது. பத்துக் கிலோ நாய் ஒன்று 100 கிராம் பால் சாக்லேட்டைத் தின்றால் சுமார் 200 மில்லிகிராம் தியோப்ரோமைன் உள்ளே போகும். கிலோவுக்கு 20 மில்லிகிராம். அங்கேதான் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தவிப்பும் தொடங்குகின்றன. அதே 100 கிராம் கறுப்புச் சாக்லேட்டாக இருந்தால் கிலோவுக்கு 50 மில்லிகிராமைத் தொடும். இதயத் துடிப்பு தாறுமாறாகும் எல்லை அது. கேக் செய்வதற்கென்று வாங்கும் இனிப்பில்லாத சாக்லேட் கட்டியில் இதைப்போல இரண்டு மூன்று மடங்கு. அறுபதைத் தாண்டினாலே வலிப்பு வரலாம். ஆகவே மருத்துவருக்குத் தொலைபேசும்போது அவர் முதலில் கேட்பது மூன்று: எந்தச் சாக்லேட், எவ்வளவு, நாயின் எடை என்ன. ஓடியாடிக்கொண்டிருக்கிறதே, ஒன்றும் ஆகவில்லையே என்று காத்திருப்பது தவறு. அறிகுறி தெரியப் பல மணி நேரம் ஆகலாம், தெரிந்தபின் மூன்று நாள்வரை நீடிக்கலாம். வாந்தி எடுக்கவைத்துக் காப்பாற்ற முடிகிற நேரம் அந்தக் காத்திருப்பிலேயே கழிந்துவிடும்.

சாக்லேட்டைப் பற்றி இப்போது பலருக்கும் தெரியும். கேக்கில் உள்ள உலர் திராட்சையைப் பற்றி அந்த அளவு தெரியவில்லை. எனக்கு இந்தக் கதையில் தனி ஆர்வம் உண்டு. நம் அடுக்களையில் வந்து முடிகிற கதை இது.

திராட்சை தின்ற நாய்களுக்குச் சிறுநீரகம் செயலிழக்கிறது என்று அமெரிக்காவின் விலங்கு நச்சுக் கட்டுப்பாட்டு மையத்து மருத்துவர்கள் 2001இல் எழுதினார்கள். அதன்பின் இருபது ஆண்டுகள் ஏன் என்று யாருக்கும் பிடிபடவில்லை. ஒரு நாய் ஒரு கொத்தைத் தின்றுவிட்டுச் சும்மா இருக்கும், இன்னொன்று ஒரு பிடியில் சாகும். பூச்சிமருந்தோ, பூஞ்சணமோ என்று தேடினார்கள், எதுவும் பொருந்தவில்லை. பிறகு அதே மையத்துக்கு வேறொரு வகை அழைப்பு வந்தது. குழந்தைகள் விளையாட வீட்டிலேயே பிசைந்த மாவுக்களியைத் தின்ற நாய்க்கு, திராட்சை தின்றாற்போலவே சிறுநீரகம் கெட்டிருந்தது. அந்தக் களியில் திராட்சை இல்லை. 'க்ரீம் ஆஃப் டார்ட்டர்' என்ற சமையல் தூள் இருந்தது. அது டார்டாரிக் அமிலத்தின் உப்பு. ஒயின் தயாரிக்கும் பீப்பாயின் அடியில் படிகிற படிவிலிருந்து எடுப்பது. அந்த அமிலம் திராட்சையில் ஏராளம், அதுவும் ரகத்துக்கு ரகம், பழுத்த பதத்துக்குப் பதம் அளவு மாறுவது. ஒரு கொத்து கொல்வதும் இன்னொன்று விட்டுவிடுவதும் ஏன் என்பதற்கு அதிலேயே விளக்கம் இருந்தது. கோலெட் வெகெனாஸ்ட்டும் உடன் பணியாற்றும் மருத்துவர்களும் 2021இல் இந்தக் கருத்தை வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு வந்த விரிவான கட்டுரையில் க்ரீம் ஆஃப் டார்ட்டரோடு இன்னொரு பொருளும் இருந்தது: புளி.

ஆம், நம் புளிதான். டார்டாரிக் அமிலம் இவ்வளவு செறிந்திருக்கும் பழம் வேறொன்றைச் சொல்வது கடினம். புளி தின்ற நாய்களுக்கும் அதே வாந்தி, அதே சிறுநீரகச் சேதம்.

இங்கே ஒரு கேள்வி எழும். நம் ஊர் நாய்கள் தலைமுறை தலைமுறையாகக் குழம்புச் சோறும் ரசச் சோறும் தின்றுதானே வளர்ந்தன? வளர்ந்தன. நஞ்சு என்பது அளவில் இருக்கிறது. ஒரு சட்டி ரசத்தில் கரைந்த நெல்லிக்காயளவு புளியிலிருந்து ஒரு நாய்க்குப் போவது மிகக் கொஞ்சம். பிரிட்ஜின் கீழ்த்தட்டில் இருக்கும் புளிக் கட்டியையோ, கொட்டை நீக்கிய புளிப் பொட்டலத்தையோ, புளிமிட்டாயையோ ஒரு சின்ன நாய் கவ்விக்கொண்டு போவது வேறு. அதோடு, முற்றத்து நாய் ஒருநாள் சுருண்டு படுத்து இறந்தால் அதன் சிறுநீரகத்தை நம்மில் யாரும் பரிசோதித்ததில்லை. 'ஒன்றும் ஆனதில்லை' என்ற நம் அனுபவத்துக்கு அந்த அளவே மதிப்பு. கிறிஸ்துமஸ் கேக், இலங்கைப் பாணியில் உலர் திராட்சையும் முந்திரியும் அடர்ந்து மதுவில் ஊறிய அந்தக் கேக், ஒரு துண்டுகூட நாய்க்கு வேண்டாம். எத்தனை திராட்சை ஆபத்து என்று எந்த மருத்துவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாத நிலையில், தின்றது தெரிந்த உடனே கிளம்புவதுதான் சரி.

வெங்காயமும் பூண்டும் வேறு வழியில் வேலை செய்கின்றன. அவற்றின் கந்தகச் சேர்மங்கள் சிவப்பணுக்களுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினைத் தாக்குகின்றன. அந்தத் தாக்குதலுக்கு இடங்கொடுக்கும் கந்தக முனைகள் மனிதனின் ஹீமோகுளோபினில் இரண்டு, நாயினதில் நான்கு, பூனையினதில் எட்டு. எட்டு என்ற அந்த எண்ணில் பூனையின் தலையெழுத்து அடங்கியிருக்கிறது. கிலோவுக்கு ஐந்து கிராம் வெங்காயம், அதாவது நாலு கிலோப் பூனைக்கு இருபது கிராம், அதன் ரத்தத்தைக் கெடுக்கப் போதும். வேகவைத்தாலும் வதக்கினாலும் பொடித்தாலும் அந்தச் சேர்மங்கள் போவதில்லை. வான்கோழிக்குள் திணிக்கும் மசாலாவிலும், பிரியாணியின் அடியில் தங்கும் மசாலாவிலும் வெங்காயம் முழுப் பலத்தோடு இருக்கிறது. விளைவு அன்றைக்கே தெரியாது. சில நாள் கழித்து ஈறு வெளிறி, மூச்சு வாங்கி, விலங்கு துவண்டு கிடக்கும்போது கறித்துண்டு கொடுத்த விருந்தினர் ஊருக்குத் திரும்பியிருப்பார். இதனால்தான் விருந்துக்கு வருகிறவர்களிடம் வாசலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறேன். முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

சர்க்கரை சேர்க்காத சூயிங்கத்திலும் மிட்டாயிலும் இருக்கும் சைலிட்டாலைப் பற்றி ஒரு வார்த்தை. நம் கணையம் அதைப் பொருட்படுத்துவதில்லை. நாயின் கணையம் அதைச் சர்க்கரை என்றே நம்பி இன்சுலினைக் கொட்டுகிறது. அரைமணி, ஒருமணி நேரத்தில் ரத்தச் சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போகிறது. கிலோவுக்கு ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கே இதற்குப் போதும்; அரை கிராமைத் தொட்டால் ஈரல் அழியலாம். விருந்தினரின் கைப்பை தரையில் இருக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் இல்லை. வெந்த எலும்பு சில்லுச் சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும், கொழுப்பும் தோலும் கணைய அழற்சியைக் கிளப்பும் என்பதெல்லாம் இவற்றோடு சேர்த்து நினைவில் இருக்கட்டும்.

பூனை மேசையை அவ்வளவாகத் தேடாது. அதற்கான ஆபத்து பூச்சாடியிலும் மாத்திரை டப்பாவிலும் மரத்தின் கிளையிலும் இருக்கிறது.

விருந்துக்கு வருகிறவர் கொண்டுவரும் பூங்கொத்தில் லில்லி இருந்தால் அதை வீட்டுக்குள் விடாதீர்கள். இதழ், இலை, மகரந்தம், சாடியில் தேங்கிய தண்ணீர் எல்லாமே பூனையின் சிறுநீரகத்தைக் கொல்லும். ரோமத்தில் ஒட்டிய மகரந்தத்தை நக்கிச் சுத்தம் செய்வதே போதும். இரண்டு மூன்று நாளில் சிறுநீரகம் நின்றுவிடுகிறது. எந்த வேதிப்பொருளால் என்பது இன்றுவரை பிடிபடவில்லை. இதற்கு நேர்மாறாக, கிறிஸ்துமஸுக்குக் கடைகடையாக வைத்திருக்கும் சிவப்பு இலைச் செடி பாயின்செட்டியாவுக்குக் கெட்ட பேர் வீணாக வந்தது. மெக்சிகோவிலிருந்து ஜோயல் பாயின்செட் என்ற அமெரிக்கத் தூதர் 1820களில் கொண்டுபோன செடி அது. அதன் பால் வாயை எரிக்கும், சிலவேளை வாந்தி வரும்; உயிருக்கு ஆபத்து என்பது வதந்தி. பாயின்செட்டியாவுக்குப் பயந்து அதை வெளியே வைத்துவிட்டு லில்லியை மேசை நடுவில் வைக்கும் வீடுகளை நினைத்தால் வேதனையாக இருக்கிறது.

குளிர்காலத்தில் வீட்டில் யாருக்காவது சளி, காய்ச்சல் இருக்கும். பாரசிட்டமால் மேசைமீது கிடக்கும். நம் ஈரல் அந்த மருந்தை ஒரு நொதியின் உதவியால் கரையும் பொருளாக்கி வெளியேற்றுகிறது. அந்த நொதிக்கான மரபணு பூனையில் சிதைந்து செயலற்றுக் கிடக்கிறது. தாவரங்களின் நஞ்சை முறிக்கத்தான் பல விலங்குகளுக்கு அந்த நொதி தேவைப்படுகிறது. இறைச்சியை மட்டுமே தின்ற குலத்துக்கு அது தேவையற்றுப்போக, மரபணு பழுதானபோது இழப்பு எதுவும் தெரியவில்லை. சிங்கத்துக்கும் சிறுத்தைக்கும்கூட இதே நிலைதான். காட்டில் அது குறையல்ல. காய்ச்சலாக இருக்கிறதே என்று பரிவோடு ஒரு மாத்திரையை நுணுக்கிப் பாலில் கலந்து கொடுக்கும் வீட்டில் அது மரணம்.

இனிப்பை உணரும் மரபணுவும் பூனைக்கு இப்படியே பழுதானது. பிலடெல்பியாவின் மொனெல் வேதி உணர்வு மையம் 2005இல் இதைக் கண்டது. குளிர்நாடுகளில் காரின் ரேடியேட்டர் நீர் உறையாமல் இருக்க ஊற்றும் திரவத்தில் எத்திலீன் கிளைக்கால் இருக்கிறது. அதன் இனிப்புக்காகப் பூனை அதை நக்குகிறது என்று பரவலாகச் சொல்வார்கள். பூனைக்கு இனிப்பே தெரியாது. எல்லாம் உறைந்து கிடக்கும் கராஜில் உறையாமல் தேங்கியிருக்கும் ஒரே நீர்மம் அது என்பதாலோ, பாதத்தில் ஒட்டியதை நக்குவதாலோ உள்ளே போகலாம். கிலோவுக்கு ஒன்றரை மில்லிலிட்டர் என்பது பூனைக்கு மரண அளவு. ஆல்கஹாலைச் செரிக்கும் அதே நொதிதான் இந்தக் கிளைக்காலை நஞ்சாக மாற்றத் தொடங்குகிறது. அது கடைசியில் கால்சியத்தோடு சேர்ந்து சிறுநீரகத்தில் படிகமாகப் படிகிறது. ஆகவே மருத்துவர்கள் ரத்தத்தில் சாராயத்தை ஏற்றி அந்த நொதியை அதிலேயே மும்முரமாக வைத்துவிடுவதும் உண்டு. அதைவிடச் சிறந்த மருந்தாக ஃபோமெபிசோல் இருக்கிறது. எதுவானாலும் பூனைக்கு முதல் மூன்று மணி நேரத்துக்குள் கிடைக்க வேண்டும். தள்ளாடி நடக்கும் பூனையைக் குளிரில் விறைத்திருக்கிறது என்று கம்பளியில் சுற்றி வைத்தால் அந்த நேரம் போய்விடும்.

ஜிகினா இழையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பூனையின் நாக்கு முழுக்கப் பின்னோக்கி வளைந்த முட்கள். வாய்க்குள் போன நூலோ ஜிகினாவோ பரிசுப்பொதியின் ரிப்பனோ துப்ப வராது, உள்ளேதான் போகும். ஒரு முனை நாக்கின் அடியிலோ இரைப்பையின் வாயிலோ மாட்டிக்கொள்ள, மறுமுனையைக் குடல் முன்னே தள்ளிக்கொண்டே இருக்கும். பாவாடை நாடாவை இழுத்தால் துணி சுருங்குவதுபோல் குடல் இழைமீது மடிப்பு மடிப்பாக ஏறிச் சுருங்குகிறது. இறுகிய இழை மடிப்புகளை அறுக்கிறது. பின்புறம் நூல் முனை தொங்குவதைக் கண்டால் இழுக்கவே கூடாது. பூனை உள்ள வீட்டில் மரத்துக்கு ஜிகினா வேண்டாம் என்பதே என் முடிவு. விளக்கும் மர பொம்மைகளும் போதுமான அழகு. மரத்தின் உச்சியை ஒரு கயிற்றால் சுவரோடு கட்டிவிடுவதும் நல்லது.

கிளியோ லவ் பேர்ட்ஸோ வளர்க்கிற வீடுகளில் அடுக்களையே அபாயம். பறவையின் நுரையீரலில் காற்று ஒரே திசையில் ஓடுகிறது. காற்றுப்பைகள் அதை இடைவிடாமல் செலுத்துவதால், மூச்சை உள்ளிழுக்கும்போதும் வெளிவிடும்போதும் உயிர்வளி ரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். பறப்பதற்கான இந்தத் திறமையே நஞ்சையும் நம்மைவிட வேகமாக உள்ளே கொண்டுபோகிறது. பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் 1986 வரை கேனரிப் பறவைகளை வைத்திருந்தது இதற்காகத்தான். வெறும் நான்-ஸ்டிக் பாத்திரத்தை அடுப்பில் வைத்து மறந்தால், பூச்சு அளவுமீறிச் சூடாகி வெளிவிடும் புகை நம் மூக்குக்குத் தெரியாமலே பக்கத்து அறைக் கிளியைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். இருபது பேருக்குச் சமைக்கும் நாளில் கூண்டு, கதவு மூடிய தொலைவான அறையில் இருக்க வேண்டும். வாசனை மெழுகுவர்த்தியும் அந்த அறைக்கு வேண்டாம்.

இனி வெளியே. நாய் வெறும் காலோடு பனியில் எப்படி நடக்கிறது என்பது அழகான கேள்வி. ஜப்பானியக் கால்நடை விஞ்ஞானி நினோமியாவும் குழுவும் 2011இல் நாயின் பாதத்து ரத்தக் குழாய்களை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். சூடான ரத்தம் கீழே வரும் தமனியைச் சுற்றி, குளிர்ந்த ரத்தம் மேலே போகும் சிரைகள் நெருக்கமாகப் பின்னியிருந்தன. பாதத்துக்கு வரும் வெப்பம் அங்கேயே கைமாறி உடலுக்குத் திரும்பிவிடுகிறது. பாதம் சில்லென்று இருக்க, உடம்பு சூடாகவே இருக்கும். பெங்குவினின் காலில் இருப்பதும் இதே ஏற்பாடு. ஆனால் இந்த ஏற்பாடு ரோமம் குட்டையான சிவாவா நாயையும் பிறந்ததிலிருந்து ஹீட்டர் பக்கத்திலேயே படுத்த நாயையும் காப்பாற்றாது. உடல் சிறுத்தால் எடைக்குத் தோல் பரப்பு கூடும், வெப்பம் வேகமாக வெளியேறும். காலை மாற்றி மாற்றித் தூக்கினால், நடுங்கினால், வீடு திரும்ப வேண்டும். பனிக்கட்டி உருகச் சாலையில் கொட்டும் உப்பு பாதத்தின் வெடிப்பில் எரியும். வீட்டுக்கு வந்து நக்கினால் வயிற்றைக் கெடுக்கும். வாசலில் ஒரு கிண்ணம் வெதுவெதுப்பான தண்ணீரும் துண்டும் இருந்தால் முடிந்தது. காரைக் கிளப்புமுன் பானட்டில் ஒரு தட்டு. எஞ்சின் சூட்டுக்காக உள்ளே பூனை சுருண்டிருக்கலாம்.

இதுவரை உயிரைக் காப்பது. அவை மகிழ்ச்சியாக இருப்பதற்கும் அறிவியல் ஏதாவது சொல்கிறதா? சொல்கிறது.

பூனைக்கு நோய் எங்கிருந்து வருகிறது என்று ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டோனி பஃபிங்டன் குழு 2011இல் வெளியிட்ட ஆய்வு என் மனத்தில் நிற்கிறது. 32 பூனைகளை 77 வாரம் கவனித்தார்கள். இருபது பூனைகளுக்கு அடிக்கடி சிறுநீர்ப்பை அழற்சி வருவது, பன்னிரண்டு நலமானவை. உணவு நேரம் தவறியபோது, பழகிய பணியாளர் மாறியபோது, வாடிக்கை குலைந்தபோது நலமாக இருந்த பூனைகளும் வாந்தி எடுத்தன, சாப்பாட்டை ஒதுக்கின, மணல் தட்டுக்கு வெளியே கழித்தன. உடம்பில் நோய் இல்லை. நாள் கலைந்துபோனது மட்டுமே காரணம். டிசம்பர் வீடு முழுக்கக் கலைந்த நாட்கள்தான். கடுவன் பூனையாக இருந்தால் இது விபரீதமாகவும் முடியும். அது மணல் தட்டில் மறுபடி மறுபடி போய் உட்கார்ந்து சிறுநீர் வராமல் தவித்தால் குழாய் அடைத்திருக்கிறது. அன்றிரவே மருத்துவரிடம் போக வேண்டும்.

தீர்வு பெரிய செலவில்லை. நெதர்லாந்தின் காப்பகம் ஒன்றில் புதிதாக வந்த பூனைகளில் பாதிக்கு ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி கொடுத்து, மீதிக்குக் கொடுக்காமல் பார்த்தார்கள். பெட்டி கிடைத்தவை சில நாட்களிலேயே பதற்றம் தணிந்தன. 2014இல் வந்த முடிவு இது. பரிசு வந்த அட்டைப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து, வாசல் வெட்டி, விருந்தினர் நுழையாத அறையில் தண்ணீர், மணல் தட்டோடு வையுங்கள். சாப்பாட்டு நேரம் மட்டும் மாறாமல் இருக்கட்டும். குழந்தைகள் வந்து பூனையைத் தூக்கிக் காட்டச் சொன்னால் மறுத்துவிடலாம்.

நாய்க்கு வேண்டியது மூக்குக்கு வேலை. பிரான்சின் ஷார்லட் டுரான்டனும் அமெரிக்காவின் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸும் 2019இல் நாய்களை இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். இரண்டு வாரம் ஒரு கூட்டம் ஒளித்த தின்பண்டத்தை முகர்ந்து தேடியது, மற்றது எசமானரின் காலோடு ஒட்டி நடக்கப் பழகியது. பிறகு, உணவு இருக்குமா இருக்காதா என்று தெரியாத ஒரு கிண்ணத்தை வைத்தபோது, முகர்ந்து தேடிய நாய்கள் முன்பைவிட வேகமாக அதை நோக்கி ஓடின. நல்லதை எதிர்பார்க்கும் மனநிலை அது. வெளியே மைனஸ் இருபது என்றால் நடை குறையும்தான். பழைய துண்டின் மடிப்புகளில் நாலு துண்டு கோழியை ஒளித்துக் கொடுத்தால், வெங்காயம் படாத வெறும் கோழி, அரைமணி நேரம் அந்த நாய் நிறைவோடு இருக்கும்.

விடுமுறைக்கு ஊருக்கு விமானம் ஏறும் குடும்பங்கள் பூனையைக் காப்பகத்தில் விடுவதைவிட, அதன் வீட்டிலேயே விட்டுத் தெரிந்தவர் ஒருவரைத் தினமும் வரச்சொல்வது நல்லது. பூனைக்கு ஆளைவிட இடம் முக்கியம். நாயைக் காப்பகத்தில் விடலாம், ஆனால் கூட்டமாக நாய்கள் தங்கும் இடத்தில் தொற்றும் இருமலுக்கான தடுப்பூசியைக் கிளம்பும் நாளன்று போட்டால் பயனில்லை. சில நாள் முன்பே போட வேண்டும்.

கடைசியாகப் புத்தாண்டு நள்ளிரவின் வாணவேடிக்கை. நம் காது 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். நாய்க்கு ஏறத்தாழ 45,000 வரை, பூனைக்கு 60,000க்கும் மேல் கேட்கும். வெடி எப்போது வரும், எங்கிருந்து வரும், எப்போது நிற்கும் என்று அவற்றுக்குத் தெரியாது. சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடியில் வலசை வரும் பறவைகளுக்காகக் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பல்லாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. லண்டன் நம் கையில் இல்லை. நம் கூடம் இருக்கிறது. திரையை இழுத்து, பாட்டோ தொலைக்காட்சியோ ஒலிக்கவிட்டு, பகலிலேயே நாயை நடத்திக் கூட்டிவந்து, கழுத்துப்பட்டையில் முகவரியும் தோலடிச் சில்லின் (மைக்ரோசிப்) பதிவில் சரியான தொலைபேசி எண்ணும் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். மிரண்டு ஓடும் நாய் திரும்பி வரும் வழி அதுதான்.

பயந்த நாயைத் தடவிக்கொடுத்தால் பயம் வளரும் என்று பழைய பயிற்சி நூல்கள் சொல்லிவந்தன. அந்தக் கருத்து எத்தனையோ நாய்களைத் தனியே நடுங்கவிட்டது. அச்சம் ஒரு உணர்ச்சி. அது பரிசு கிடைப்பதால் கூடுகிற செயல் அல்ல. உங்களிடம் வந்து ஒண்டினால் அணைத்துக்கொள்ளுங்கள். கட்டிலுக்கு அடியில் போனால் அங்கேயே விடுங்கள். மிக அஞ்சும் நாய்களுக்கு மருந்து உண்டு. ஈறில் தடவும் டெக்ஸ்மெடடோமிடின் களிம்பை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஒலி அச்சத்துக்கென்றே அனுமதித்திருக்கிறது. முன்பு தாராளமாகக் கொடுத்த அசெப்ரோமசின் உடம்பைத் துவளவைக்கும், பயத்தை அகற்றாது. நாய் அசையாமல் படுத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கும். அதைக் கேட்டு வாங்காதீர்கள்.

சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தில் ஸ்டெஃபானி ரீமர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாய் வளர்ப்போரிடம், பட்டாசு அச்சத்துக்கு எது பலித்தது என்று கேட்டார். எதிர்பாராத சத்தம் எழும் ஒவ்வொரு முறையும் உடனே நல்ல தின்பண்டமோ விளையாட்டோ கொடுத்துப் பழக்கியவர்களில் பத்துக்கு ஏழு பேர் பலன் கண்டதாகச் சொன்னார்கள். தட்டு கீழே விழும் சத்தம், கதவு அறையும் சத்தம், தெருவில் எங்கோ ஒரு வெடி. சத்தம் முதலில், தின்பண்டம் பின்னே, எப்போதும் அந்த வரிசையில். ஒரு வார வேலை அல்ல இது. பயமில்லாத குட்டிக்கும் இப்படிப் பழக்கலாம், அதற்குத்தான் மிக நன்றாகப் பலிக்கும். ஜனவரியில் வாணவேடிக்கை ஓய்ந்ததும் மெல்லிய சத்தங்களில் தொடங்கினால் அடுத்த நவம்பர் ஐந்தாம் தேதி பிரிட்டனில் வெடிகள் மறுபடி கிளம்புமுன் பத்து மாதம் கையில் இருக்கும்.